நட்பு நாடு திசை மாறும்போது

“நமக்கும் அமெரிக்காவுக்கும் வரி இல்லாத ஒப்பந்தம் இருக்குன்னு நீதானேம்மா சொன்ன?”

2025 ஏப்ரலில் ஒருநாள் இரவு, சாப்பிடும்போது அப்பா கேட்டார். துவாசில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கு செய்யும் இயந்திரப் பாகங்களில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது.

நான் சொன்னது உண்மைதான். சிங்கப்பூர்-அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்பாடு 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அமெரிக்கப் பொருள்களுக்கு அதன்கீழ் நாம் இறக்குமதி வரி விதிப்பதில்லை. அமெரிக்கா நம்மிடம் வாங்குவதைவிட நமக்கு விற்பதே அதிகம். அப்படியிருந்தும், ஏப்ரல் 2ஆம் தேதி அதிபர் டோனல்ட் டிரம்ப் அறிவித்த வரிப் பட்டியலில் நமக்கும் 10 விழுக்காடு இருந்தது. நெடுநாள் கூட்டாளியான ஜப்பானுக்கு 24 விழுக்காடு. நண்பரிடம் நடந்துகொள்ளும் விதம் இதுவல்ல என்று பிரதமர் லாரன்ஸ் வோங் நாடாளுமன்றத்தில் கூறினார்.

அப்பாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சில மாதங்கள் கழித்துப் பல்கலைக்கழக வகுப்பில் 1971ஆம் ஆண்டு நிகழ்வுகளை விவாதித்தோம். ஜப்பான் தரப்பில் பேசும் பொறுப்பு என் குழுவுக்கு வந்தது.

அமெரிக்காவின் விருப்பத்தை மதித்து, ஜப்பான் 1952 முதல் தைவானையே சீனாவாக அங்கீகரித்து வந்தது. ஒருநாள் காலையில் கண்விழிக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அமெரிக்கா பெய்ஜிங்குடன் கைகோத்திருக்குமோ என்ற அச்சம் 1950களின் பிற்பகுதியிலேயே வாஷிங்டனில் இருந்த ஜப்பானியத் தூதர் கொய்ச்சிரோ அசகாய்க்கு இருந்தது. 1971 ஜூலை 15 அன்று அந்த அச்சம் பெரும்பாலும் பலித்தது. ஹென்றி கிசிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங் சென்று வந்ததையும் தாம் சீனா செல்லவிருப்பதையும் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஜப்பானியப் பிரதமர் சாத்தோவுக்கு அதற்குச் சற்று முன்புதான் தகவல் எட்டியது.

சரியாக ஒரு மாதத்தில் அடுத்த அதிர்ச்சி. டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்திய நிக்சன், இறக்குமதிகளுக்குக் கூடுதல் வரியும் விதித்தார். எவ்வளவு தெரியுமா? 10 விழுக்காடு. அதைப் படித்ததும் அப்பா கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவுக்குக் காரணங்கள் இருந்தன. சோவியத் யூனியனும் சீனாவும் 1969ல் எல்லையில் மோதிக்கொண்டன. அந்தப் பிளவைப் பயன்படுத்தி மாஸ்கோவுக்கு நெருக்குதல் தரவும் வியட்னாம் போரிலிருந்து வெளியேறவும் நிக்சன் விரும்பினார். கையிருப்புத் தங்கமும் கரைந்துகொண்டிருந்தது. பெரிய நாடு தன் கணக்கைப் பார்த்துத்தான் திரும்புகிறது. பக்கத்தில் நிற்பவர் தடுமாறுவாரே என்பது அந்தக் கணக்கில் பின்னால்தான் வருகிறது.

அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்பாட்டையே ஜப்பான் முறித்திருக்கலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். ஜப்பான் முறிக்கவில்லை. அதற்காகக் கைகட்டி நிற்கவும் இல்லை. புதிய பிரதமர் தனக்கா 1972 செப்டம்பரில் பெய்ஜிங் சென்று அரசதந்திர உறவை ஏற்படுத்தினார். அமெரிக்கா அதைச் செய்தது 1979ல்தான்!

சிங்கப்பூரும் இதே வழியில்தான் நடக்கிறது. டிபிபி எனும் பசிபிக் வட்டார வர்த்தக உடன்பாட்டிலிருந்து 2017ல் அமெரிக்கா விலகியதும், எஞ்சிய 11 நாடுகள் அதைக் கைவிடவில்லை. ஜப்பான், சிங்கப்பூர் உட்பட அவை 2018 மார்ச்சில் புதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2024 டிசம்பரில் பிரிட்டனும் அதில் சேர்ந்தது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். “அப்போ அந்த ஒப்பந்தம் வீணா?” என்றார்.

“வீண் இல்லப்பா. அது மட்டும் போதும்னு நான் நினைச்சதுதான் தப்பு.”

அவர் தலையசைத்தார். புதிய சந்தைகள் உருவாக ஆண்டுகள் ஆகும். அவருடைய கூடுதல் நேர வேலையோ இப்போதே குறைந்துவிட்டது. அனைத்துலகச் செய்திகளை நான் தேர்வுக்காகத்தான் படித்து வந்தேன். இப்போது அப்பா வேலை முடிந்து வருவதற்குள் படித்துவிடுகிறேன். வந்ததும் அவர் கேட்பார்.