காப்பர்-டி: பிளாஸ்டிக்கும் செம்பும்

அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக வைத்துவிடும் காப்பர்-டியின் முழுப்பெயர் காப்பர்-டி 380ஏ. அதில் இருக்கும் செம்பின் மேற்பரப்பு 380 சதுர மில்லிமீட்டர் என்பதால் அந்த எண். 32 மி.மீ. அகலமும் 36 மி.மீ. உயரமும் கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் 'டி'. அதன் தண்டில் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். இரண்டு கைகளிலும் செம்பு உறை. அடியில் மெல்லிய நூல் இரண்டு தொங்கும்.

பிளாஸ்டிக் எதற்கு, செம்பு எதற்கு? 1965-ல் இந்தியாவுக்கு வந்த லிப்பஸ் லூப் என்ற பழைய கருத்தடைச் சாதனம் முழுக்கப் பிளாஸ்டிக்தான். அதே பத்தாண்டில் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டேட்டம், கர்ப்பப்பையின் உட்புற வடிவத்துக்குப் பொருந்தும்படி சிறிய 'டி' ஒன்றைச் செய்தார். அது உறுத்தாமல் உட்கார்ந்தது. ஆனால் வைத்துக்கொண்ட நூறு பெண்களில் ஏறக்குறைய 18 பேர் ஓராண்டுக்குள் கர்ப்பமானார்கள். கருத்தடை என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய கணக்கு.

சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் முயல்களை வைத்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முயலின் கர்ப்பப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கும். ஒரு கொம்பில் செம்புக் கம்பியை வைத்து, மற்றதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார். கம்பி இருந்த பக்கத்தில் கரு தங்கவில்லை. பிறகு டேட்டத்தின் 'டி'யில் 30 சதுர மி.மீ. அளவுக்குச் செம்பு சுற்றினார்கள். பதினெட்டு ஐந்தாகக் குறைந்தது. 200 ஆக்கினார்கள், ஒன்றுக்கு வந்து நின்றது. இன்றைய 380-ல் முதல் ஆண்டில் நூற்றில் ஒருவருக்குக்கூட கர்ப்பம் தரிப்பதில்லை. ஆக, காவல் காப்பது செம்பு. பிளாஸ்டிக் அதற்கு நாற்காலி.

கர்ப்பப்பைத் திரவத்தில் செம்பு துளித்துளியாகக் கரைந்து அயனிகளாக வெளியேறுகிறது. விந்தணுக்களுக்கு அது நஞ்சு. நீந்தும் வேகம் போய்விடும். சிலவற்றில் தலை வேறு, வால் வேறாகக் கழன்றும் போகும். உள்ளே அந்நியப் பொருள் இருப்பதால் வெள்ளையணுக்களும் அங்கே கூடி, எஞ்சிய விந்தணுக்களை விழுங்குகின்றன. அதனால் பெரும்பாலும் விந்தணு கருமுட்டையைச் சேருவதே இல்லை. 'உருவான கருவைக் கலைக்கிற சாதனம்' என்று நம்மூரில் இன்னும் பலர் நினைப்பது சரியல்ல. இதில் ஹார்மோனும் இல்லை. மாதாமாதம் முட்டை வெளிவரும், தீட்டும் வரும், தாய்ப்பாலுக்கும் பாதிப்பில்லை. பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி விழுந்த கையோடு வைப்பதும் சாத்தியம்.

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் வைத்தாலும் கர்ப்பத்தைத் தடுக்கும். இது பலருக்குத் தெரியாது.

சிரமம் இல்லாமல் இல்லை. முதல் சில மாதங்கள் தீட்டு அதிகமாகப் போகும், வயிற்றுவலியும் கூடும். ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பால்வினை நோய்களிலிருந்து இது காக்காது, அதற்கு ஆணுறைதான்.

380ஏ பத்தாண்டு உழைக்கும். நடுவில் குழந்தை வேண்டும் என்றால் நர்ஸ் நூலைப் பிடித்து மெல்ல இழுப்பார்; கைகள் மடங்கி வெளியே வந்துவிடும், அடுத்த மாதமே கருத்தரிக்கலாம். 'அது நெஞ்சுக்கு ஏறிவிடும்' என்ற பயம் வேண்டாம். அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. தீட்டோடு சேர்ந்து தானாக விழுந்துவிடுவது அதைவிடச் சகஜம். நூல் தட்டுப்படவில்லை என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே. அதில் பளிச்சென்று தெரிவதற்காகவே பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருக்கிறார்கள்.