அணியைப் புதுப்பிக்கும் கணக்கு

விளையாட்டில் ஒரு குழு தோற்றால் அந்தத் தோல்வியைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. தோற்ற குழு, ஆட்டமில்லாத மாதங்களில் என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆனால் அடுத்த ஆண்டின் வெற்றிக்கும் தோல்விக்கும் வித்து ஊன்றப்படுவது அந்த மாதங்களில்தான். மைதானத்தில் புல் வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், எங்கோ ஓர் அறையில் சிலர் அமர்ந்து, கையில் உள்ள பணம் எவ்வளவு, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரை வாங்குவது என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றித்தான் மாணவ நண்பர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன். நமக்கு நன்கு அறிமுகமான சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியில் இந்தக் குழு ஆடிய ஆட்டங்கள் 14, வென்றவை 4. பத்துக் குழுக்களில் பத்தாவது இடம். 2008இல் போட்டி தொடங்கிய நாள் முதல் இக்குழு கடைசி இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. ஐந்து முறை கோப்பையை வென்ற குழுவுக்கு இந்த நிலை ஏன் வந்தது?

விடை காண 2018ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். இரண்டாண்டுத் தடைக்குப் பின் சென்னைக் குழு மீண்டும் அமைக்கப்பட்ட காலம் அது. ஒவ்வொரு குழுவும் செலவிடத்தக்க தொகை அப்போது 80 கோடி ரூபாய். தோனி, ரெய்னா, ஜடேஜா ஆகிய மூவரையும் 33 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டு, மிஞ்சிய பணத்தில் முப்பது வயதைக் கடந்த பலரை வாங்கினார்கள். ஷேன் வாட்சன் 4 கோடி; அம்பத்தி ராயுடு 2 கோடியே 20 இலட்சம். முதியோர் படை என்று பலர் நகைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு ராயுடு 602 ஓட்டங்கள் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 எடுத்தார். கோப்பை சென்னைக்கு வந்தது.

இதன் இரகசியம் என்ன? வயது ஏறியவர்களைச் சந்தை குறைத்து மதிப்பிட்டிருந்தது. அவர்களிடம் எஞ்சியிருந்த திறமையோ அந்த விலையைவிட அதிகம். சந்தை குறைவாக மதிப்பதை வாங்குவது வணிகத்தின் பழைய நெறி. அந்த நெறி 2021இலும் 2023இலும் மீண்டும் கோப்பைகளைத் தந்தது.

எந்த நெறிக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தில், 38 வயது நிரம்பிய அஸ்வினைச் சென்னைக் குழு 9 கோடியே 75 இலட்சத்துக்கு வாங்கியது. அவர் உலகின் மிகச் சிறந்த சுழற்பந்து வீச்சாளர்களுள் ஒருவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2018இல் அனுபவம் மலிவாகக் கிடைத்தது. 2024இல் அதற்குப் பெருவிலை கொடுக்க வேண்டியதாயிற்று. வழி ஒன்றே போலத் தோன்றினும், விலை மாறிய பின் அது அதே வழி அன்று. 2025 ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

இனி, தோற்ற குழு எவ்வாறு எழுகிறது என்பதைக் காண்போம். இங்கே அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே ஆண்டுதோறும் புதிய இளைஞர்களைக் குழுக்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. முன் ஆண்டில் மிக மோசமாக ஆடிய குழுவுக்கே முதல் உரிமை என்பது நெடுங்கால வழக்கம்; 2023ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து சீட்டுக் குலுக்கும் முறை வந்திருப்பினும், தோற்றவர்களுக்கே வாய்ப்பு மிகுதி. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற குழு 2011 முதல் 2013 வரை மூன்றாண்டுகளிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. அதன் பயனாக 2012இல் முதல் தேர்வாகக் கார்லோஸ் கொரேயா என்ற 17 வயது இளைஞரைப் பெற்றது. அவருக்கென ஒதுக்கப்பட்ட தொகையைவிடக் குறைவாக ஒப்பந்தம் செய்து, மிஞ்சிய பணத்தைக் கொண்டு லான்ஸ் மக்கல்லர்ஸ் என்ற பந்தெறிவாளரையும் சேர்த்துக்கொண்டது. 2017இல் அக்குழு உலகத் தொடரை வென்றபோது இருவரும் அதில் இருந்தார்கள். எதிரணியின் சைகைகளைக் கருவி கொண்டு களவாக அறிந்தது பின்னர் வெளியாகி, அந்த வெற்றியின் மீது மாசு படிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலும், 2013இல் அதே குழு முதல் தேர்வாகக் கொண்ட மார்க் அப்பெல் அக்குழுவுக்காக உயர்நிலை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. இளைஞர்களை நம்பிச் செலவிடுவதில் உள்ள வாய்ப்பும் இடரும் இந்த இரு பெயர்களில் அடங்கிவிடுகின்றன.

நம் நாட்டு ஐ.பி.எல். போட்டியில் கடைசி இடத்துக்கு இத்தகைய சலுகை எதுவும் இல்லை. முதலில் வந்த குழுவுக்கும் இறுதியில் வந்த குழுவுக்கும் செலவு வரம்பு ஒன்றே. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு அது 125 கோடி ரூபாய். ஆகவே ஏலத்தில் செலவிடப் பணம் வேண்டுமானால், ஏற்கெனவே இருப்பவர்களை விட்டுத்தான் அதைப் பெற முடியும். வாங்குதல் என்பது விடுதலிலிருந்தே தொடங்குகிறது. இந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டால் மற்றவை எல்லாம் தெளிவாகும்.

2025 நவம்பரில் சென்னைக் குழு விட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். 13 கோடி பெற்ற பத்திரனா, 6 கோடியே 25 இலட்சம் பெற்ற கான்வே, 4 கோடி பெற்ற ரச்சின் ரவீந்திரா ஆகியோர் அதில் அடங்குவர். எல்லாவற்றிலும் கடினமான முடிவு ஜடேஜாவைப் பற்றியது. 2012 முதல் சென்னையோடு இணைந்திருந்தவர் அவர். 2023 இறுதி ஆட்டத்தில், இரண்டே பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் குழுவுக்குக் கொடுத்து, அங்கிருந்து சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றது. ஜடேஜாவுக்கு அப்போது வயது 36, சாம்சனுக்கு 31.

இது நன்றி மறந்த செயல் அல்லவா என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்த வினா நியாயமானதே. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஓர் ஆட்டக்காரர் நேற்றுச் செய்த பணிக்கு மரியாதை செலுத்துவது வேறு, நாளை செய்யப்போகும் பணிக்கு விலை கொடுப்பது வேறு. முன்னதைப் புகழாகவும் நினைவாகவும் செலுத்தலாம்; அதற்கு வரம்பு இல்லை. பின்னதைப் பணமாகச் செலுத்த வேண்டியிருக்கிறது; அதற்கு 125 கோடி என்ற வரம்பு உண்டு.

இந்த விடுதல்களின் பயனாக, 2025 டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் நடந்த ஏலத்துக்குச் சென்னை 43 கோடியே 40 இலட்சம் ரூபாயோடு சென்றது. நிரப்ப வேண்டிய இடங்கள் 9. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களுக்கு மட்டும் தலைக்கு 14 கோடியே 20 இலட்சம் கொடுத்தது. இருவருக்கும் தொடக்க விலை 30 இலட்சம். இருவரும் இந்தியாவுக்காக ஆடியதில்லை. அத்தகையவர்களுள் அதுவரை அதிக விலை பெற்றவர் 2022இல் 10 கோடிக்குப் போன ஆவேஷ் கான். முன்னவர் இடக்கையால் சுழற்பந்து வீசி, மட்டையும் சுழற்றுபவர். பின்னவர் விக்கெட் காப்பாளர், வேகமாக ஓட்டம் சேர்ப்பவர். ஜடேஜா சென்றதால் விழுந்த இடமும், 44 வயது கடந்த தோனிக்குப் பின் விழப்போகும் இடமும் எவை என்று எண்ணிப் பார்த்தால், இந்தத் தேர்வின் காரணம் விளங்கும். மற்ற ஏழு பேருக்கும் சேர்த்து ஆன செலவு 12 கோடியே 60 இலட்சம் மட்டுமே.

ஏலத்தின் இன்னொரு பாடத்தையும் கவனியுங்கள். சென்னை விட்ட பத்திரனாவைக் கொல்கத்தா 18 கோடி கொடுத்து வாங்கியது. விட்டவரை வேண்டும்போது மலிவாக மீட்டுக்கொள்ளலாம் என்பது சந்தையில் நடவாத காரியம். விலை என்பது ஒருவருடைய தகுதியை மட்டும் அளப்பதன்று. அன்று அந்த அறையில் எத்தனை பேருக்கு அவர் தேவை, அவர்கள் கையில் எவ்வளவு பணம் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

அதனால்தான் மதிப்புள்ள ஒருவர் குறைந்த விலையில் நம் வாசலிலேயே நிற்கக்கூடும். எங்கள் காஞ்சியின் பெயரைத் தாங்கிய குழுவொன்றும் 2018இலும் 2019இலும் ஆடிய தமிழ்நாடு பிரிமியர் லீகிலிருந்து வந்தவர் சென்னை இளைஞர் சாய் சுதர்சன். 2022இல் குஜராத் அவரை 20 இலட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராகவே அவர் 96 ஓட்டங்கள் குவித்தார். 2025 போட்டியில் 759 ஓட்டங்களோடு முதலிடம் பெற்றார். கோடிகளைக் கொட்டுவது ஒரு வழி. கண்ணைத் திறந்து வைத்திருப்பது மற்றொரு வழி. சென்னையும் 2025இல் பருவத்தின் நடுவே 17 வயது ஆயுஷ் மாத்ரேயை 30 இலட்சத்துக்குச் சேர்த்தது; பெங்களூருக்கு எதிராக அவர் 48 பந்துகளில் 94 எடுத்தார். புதுப்பித்தல் ஏலத்துக்கு முன்பே, சிறு தொகையில் தொடங்கிவிட்டது.

பட்டு நெய்யும் ஊரில் வாழ்பவனாதலால் எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது. சேலையின் உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், எங்கள் நெசவாளர்கள் துணியைத் தறியிலிருந்து இறக்குவதில்லை. பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய நிறத்து இழையைப் பிணைத்து, இரண்டும் சேர்ந்து சிறிது தூரம் நெய்யப்பட்ட பின்னரே பழைய இழையை அறுப்பார்கள். முன்னதாக அறுத்தால் சேலை இரண்டாகும்; அறுக்கவே மனம் வராவிட்டால் முந்தானை அமையாது. தோனியைச் சிறு தொகையான 4 கோடிக்கு வைத்துக்கொண்டு, ருதுராஜ் கெய்க்வாட்டைத் தலைவராக்கி, அவர்கள் அருகே இளைஞர்களை நிறுத்தியதில் இந்த முறையையே காண்கிறேன்.

14 கோடி பெற்ற இளைஞர் சில ஆட்டங்களில் தவறினால் அந்தத் தொகையையே சொல்லி ஏளனம் செய்வது எளிது. ஆனால் அந்த விலையை அவர் கேட்கவில்லை. 30 இலட்சத்துக்கே அவர் இசைந்து நின்றார். விலையை ஏற்றியது பிறருடைய தேவை. ஆகவே ஓர் இளைஞரை மதிப்பிடும்போது அவருக்குக் கொடுத்த பணத்தை மறந்துவிட்டு, அவருடைய ஆட்டத்தைப் பாருங்கள். அவ்வாறு பார்க்கக் கற்றவர்களே, அடுத்த ஏலத்தில் யாரும் காணாத ஒருவரைக் கண்டெடுப்பார்கள்.