ஸ்ரிக்கர் ஒட்டினால் கதிர்வீச்சு நிற்குமா?

மீள்குடியேறிய எமது கிராமங்களில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலும் கூலி வேலைக்கான அழைப்பும் அதன் வழியாகவே வருகின்றன. கூடவே பயமும் வந்திருக்கிறது. "மூளையிலை கட்டி வருமாமே?", "வயித்துப் பிள்ளைக்குக் கூடாதாமே?" என்று மாதர் சங்கக் கூட்டங்களில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இந்தப் பயத்தைக் காசாக்க, தொலைபேசியில் ஒட்டும் ஸ்ரிக்கர்களும் கழுத்தில் அணியும் பதக்கங்களும் விற்பனைக்கு வருகின்றன. தையல் வேலையில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி, இரண்டு நாள் உழைப்பைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருந்தார். அந்தக் காசுக்குப் பலன் உண்டா?

பயம் எவ்வளவு நியாயமானது?

எக்ஸ்ரே கதிர்களுக்கு உடற்கலங்களிலுள்ள மரபணுவைச் சேதப்படுத்தும் வலு உண்டு. கைத்தொலைபேசி, வானொலி அலைகளுக்கு அந்த வலு இல்லை. அளவு மிஞ்சினால் அவை உடலைச் சூடாக்கும். அதனால்தான் தொலைபேசிகளுக்கு எல்லை விதித்திருக்கிறார்கள்.

2011 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இவ்வலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை' என வகைப்படுத்தியது. சான்று போதாது, ஆனால் சந்தேகம் முற்றாகத் தீரவில்லை என்பதே அதன் கருத்து. அதே ஆண்டில் வெளியான டென்மார்க் ஆய்வு 358,403 தொலைபேசிப் பாவனையாளர்களிடம் மூளைக் கட்டிகள் அதிகரித்ததாகக் காணவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க 63 ஆய்வுகளைத் திரட்டி 2024 இல் வெளியான மீளாய்வும், கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

தடுப்பு என்பது என்ன?

அலைகளைத் தடுக்க முடியும் என்பது உண்மையே. சுற்றிவர உலோகத்தால் மூடிய கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் பரடே 1836 இல் காட்டினார். மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலுள்ள உலோக வலை இந்த முறையிலேயே அலைகளை உள்ளே அடைத்து வைக்கிறது.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். தொலைபேசியை அலுமினியத் தாளால் இடைவெளியின்றிப் பல சுற்றுச் சுற்றிவிட்டு அழைத்தால், பெரும்பாலும் மணி அடிக்காது. ஸ்ரிக்கர் ஒட்டிய தொலைபேசியோ வழமைபோல மணி அடிக்கும். அப்படியானால் அலைகள் தடையின்றிப் போய்வருகின்றன என்றுதானே பொருள்?

இத்தகைய தடுப்புகளை விற்ற இரண்டு நிறுவனங்கள் மீது 2002 இல் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. தொலைபேசி முழுவதிலுமிருந்து அலை வெளிவருவதால் ஒரு பகுதியை மட்டும் மூடுவது பயனற்றது என்றும், சமிக்ஞை தடைப்பட்டால் தொலைபேசி கூடுதல் வலுவுடன் இயங்கக்கூடும் என்றும் அது விளக்கியது.

இன்னும் மோசமான செய்தி நெதர்லாந்திலிருந்து வந்தது. 'பாதுகாப்பு' என்று விற்கப்பட்ட மாலை, கைவளையம், தூக்க முகமூடி உட்பட 10 பொருட்களை 2021 டிசம்பரில் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு அதிகாரசபை சோதித்தது. அவையே கதிரியக்கம் உள்ளவை! நீண்டகாலம் அணிந்தால் உடலுக்குத் தீங்கு நேரலாம் என எச்சரித்து, விற்பனையைத் தடுத்தது.

காசில்லாத பாதுகாப்பு

அப்படியும் மனம் கேட்கவில்லையா? தூரமே நல்ல தடுப்பு. அலை வெளிவரும் இடத்திலிருந்து தூரம் இரட்டித்தால் அதன் செறிவு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும். ஒலிபெருக்கியைப் போட்டு அல்லது காதுக்கருவி மாட்டிப் பேசுங்கள். சமிக்ஞை குறைந்த இடத்தில் தொலைபேசி அதிக வலுவைப் பாவிக்கும்; வெளியில் வந்து பேசுங்கள். கர்ப்பிணித் தாய்மார் சந்தேகங்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

சகோதரிகளே, பயத்தில் தொலைபேசியை இரவில் நிறுத்திவிடாதீர்கள். தனியே பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணுக்கு 1990 அம்புலன்ஸையும் 1938 பெண்கள் உதவிச் சேவையையும் அழைக்க அதுவே துணை. தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள்; அது தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது.

இனி ஒருவர் ஸ்ரிக்கரோடு படலைக்கு வந்தால், எந்த ஆய்வுகூடம் இதைச் சோதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஏமாற்று என்று கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடுங்கள். உழைத்த காசு பிள்ளையின் கொப்பிக்கும் முட்டைக்கும் போகட்டும்.