கிட்டத்துக் குழியின் கணக்கு

கோல்ப் மைதானத்தில் மூன்று தடவை அடித்துப் பந்தை விழுத்த வேண்டிய கிட்டத்துக் குழியை 'பார் மூன்று' என்பார்கள். தூரம் குறைவு என்பதால் புதியவர்களுக்கு இதைக் கண்டதும் மகிழ்ச்சி. ஆனால் பலருடைய புள்ளி அட்டை குழம்புவதும் இங்கேதான்.

ஸ்கொட்லாந்தின் ரோயல் ட்றூன் மைதானத்து எட்டாவது குழிக்குத் 'தபால் முத்திரை' என்று பெயர். தூரம் 123 யார்தான். ஆனால் குழி உள்ள புல்தரை மிக ஒடுக்கம். சுற்றிவர ஐந்து மணற்பள்ளங்கள். 1950 ஓபன் போட்டியில் ஜேர்மனிய அமெச்சூர் வீரர் ஹேர்மன் டிசீஸ் இங்கே 15 தடவை அடிக்க வேண்டியதாயிற்று. 1973 இல் 71 வயதான ஜீன் சரசன் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் விழுத்தினார். ஆக, பலத்தைவிடக் குறிதான் முக்கியம்.

நீண்ட குழியில் முதல் அடி பிழைத்தால் அடுத்ததில் சரிக்கட்டலாம். இங்கே அதற்கு இடமில்லை. ஹண்டிகப் முறையில் கிடைக்கும் சலுகை அடிகளும் பெரும்பாலும் நீண்ட குழிகளுக்கே முதலில் போகின்றன. கிட்டத்துக் குழியில் வரும் நட்டத்துக்கு ஈடு குறைவு.

ஆகவே கொடியை விட்டுப் புல்தரையின் நடுவைக் குறிவையுங்கள். அநேகருடைய பந்து எட்டாமல்தான் விழுகிறது. சற்றுக் கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுங்கள். மணலில் விழுந்தால், பக்கவாட்டாக என்றாலும் முதலில் வெளியே எடுங்கள். நான்கில் முடித்தால் நட்டம் ஒன்றுதான். வீம்புக்கு அடித்தால் அது ஏழு, எட்டாகும். விளையாடப் பழகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.