காலம் ஓடாமல் காப்பது

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே மேளம் போகையில், கூட்டத்தின் கண்ணெல்லாம் நாயனக்காரர் மேலிருக்க, என் கண் மட்டும் தவில் வித்வானின் வலக்கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளையே சுற்றிக்கொண்டிருக்கும். அவ்விரல்கள் எத்தனை சொற்களைக் கொட்டித் தீர்த்தாலும், அருகில் ஜால்ரா தட்டும் சிறுவனின் கையில் இருக்கும் காலப்பிரமாணம் இம்மியும் அசைவதில்லை என்றே தோன்றும்.

உண்மையில் அசையத்தான் செய்கிறது. கானா நாட்டு மேளக்காரர் ஒருவர் மெட்ரோனோமுடன் வாசித்ததை அளந்து ஜெர்மானிய விஞ்ஞானிகள் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேர்ந்த கைகளிலும் அடிக்கு அடி பத்து இருபது மில்லி விநாடி பிசகு இருப்பது வெளியாயிற்று. இப்பிசகு எங்கிருந்து வருகிறது என்பதை விங், கிறிஸ்டோஃபர்சன் என்னும் இருவர் 1973-லேயே அழகாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். மூளைக்குள் இருக்கும் கணக்கன் ஒருவன் ‘அடி’ என்று ஆக்ஞை இடுகிறான். கை அதை நிறைவேற்றச் சற்றுக் கூடவோ குறையவோ நேரம் எடுத்துக்கொள்கிறது. கை தாமதித்தால் முன்னிடைவெளி நீண்டு பின்னிடைவெளி அதே அளவு குறுகுவதால், அந்தப் பிழை தானே கழிந்துவிடும். கணக்கனே பிசகினாலோ பிழை அடுத்த அடிகளின் தலையில் ஏறிக்கொண்டே போகும். ‘காலம் ஓடிவிட்டது’ என்று வித்வான்கள் முகம் சுளிப்பது இதைத்தான்.

கணக்கனை அடக்க நம்மவர்கள் கண்ட உபாயம் மிக எளிது. விளம்ப காலத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இரண்டு விநாடி வெறுமையாகக் கிடந்தால் மனம் தடுமாறும். அதையே ‘தகதிமி’ என்று மனத்துக்குள் நான்காக நிரப்பிக்கொண்டால், ஒவ்வொரு கூறிலும் நேரும் சிறுபிழை ஒன்று முந்த, மற்றொன்று பிந்த, ஒன்றையொன்று விழுங்கி, மொத்தப் பிழை கணக்குப்படி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. துரித காலத்தைவிட விளம்பத்தை நிறுத்துவதே கடினம் என்று குருமார்கள் சொல்வதன் சூட்சுமமும் இதுவே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பவர் பிரஸ் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு வேறொரு உபாயம் தெரியும். தகட்டை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சற்றே தளரும் வேகத்தை, பெருத்த ஃப்ளைவீல் தன் பாரத்தாலேயே தாங்கிக்கொள்கிறது. அதற்குக் காது இல்லை, வேண்டியதுமில்லை. மேளக்காரருக்கோ காதுதான் ஃப்ளைவீல். பிறர் தாளத்தைக் கேட்டு, தம் அடுத்த அடியில் பிழையின் ஒரு பகுதியைத் திருத்துகிறார். முழுதும் திருத்தினால் கையின் சில்லறைத் தவறுகளுக்கெல்லாம் காலம் ஊசலாடத் தொடங்கிவிடும்.

அதே தொழிற்பேட்டையில் ஓர் ஆயுத பூசையன்று, யந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு நிறுத்தியிருந்த தகரக் கொட்டகைக்குள் மேளம் வாசித்ததைக் கேட்டேன். சுமார் பதினேழு மீட்டர் தள்ளி நின்ற சுவரில் மோதிய ஒலி, விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழித்துத் திரும்பி வந்து, இன்னொரு தவில் எதிரில் நின்று தப்பும் தவறுமாக வாசிப்பதுபோல் மயக்கியது. இரண்டு ஆவர்த்தனம் பொறுத்துப் பார்த்த வித்வான், வாசிப்பை நிறுத்தாமலே, எட்ட நின்ற ஜால்ராப் பையனைத் தலையசைத்துக் கூப்பிட்டார்: “டேய், இங்கே வா. காதுகிட்ட தட்டு.”