டாக்டர் என்றால் வாத்தியார்!

காஞ்சீபுரம் மாவட்டத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1780-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே பெரிய சண்டை நடந்தது. ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகள் ஆங்கிலேயப் படையை முறியடித்தன. தளபதி பெய்லி கைதியானார்.

சண்டையில் ஆங்கிலேயர் தோற்றார்கள். ஆனால் அவர்கள் கொண்டு வந்த ஒரு சொல், தமிழ்நாட்டின் ஊர்களில் எல்லாம் ஜெயித்து விட்டது. அதுதான் "டாக்டர்"!

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், "டாக்டரிடம் காட்டு" என்கிறோம். பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் "டாக்டரம்மா" என்று வாய் நிறைய அழைக்கிறாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

கற்பிப்பவர்

அது லத்தீன் மொழியில் பிறந்த சொல். "டோக்கெரே" என்றால் கற்பித்தல். "டாக்டர்" என்றால் கற்பிப்பவர். அதாவது, வாத்தியார்! நிலப் பத்திரத்தை "டாக்குமெண்டு" என்கிறோமே, அதுவும் இதே வேரில் முளைத்த சொல்தான்.

பழைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சமயம், சட்டம், மருத்துவம் ஆகியவற்றைக் கரைத்துக் குடித்து, பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெற்றவருக்கு "டாக்டர்" பட்டம் கொடுத்தார்கள். நாளடைவில், நோய் தீர்ப்பவரையே மக்கள் அப்படி அழைக்கத் தொடங்கினார்கள்.

ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற தமிழ்ப் பேராசிரியரும் டாக்டர்தான். அவரைத் தமிழில் "முனைவர்" என்கிறோம்.

இன்னொரு வேடிக்கை! எம்.பி.பி.எஸ். என்பது இளநிலைப் பட்டம். எம்.டி. என்பதில் உள்ள "டி"தான் டாக்டரைக் குறிக்கும். ஆனாலும் மரியாதைக்காக எல்லோரையும் டாக்டர் என்கிறோம்.

இங்கிலாந்தில் 1540 முதல் 1745 வரை, அறுவை வைத்தியரும் நாவிதரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். இன்றும் அங்கே அறுவை நிபுணர்களை "மிஸ்டர்" என்று அழைக்கும் வழக்கம் உண்டு.

திருமுக்கூடலில்

டாக்டர் என்ற சொல் வருவதற்கு முன்பே இங்கே வைத்தியம் இருந்தது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடம் திருமுக்கூடல். அதுவும் காஞ்சீபுரம் மாவட்டம்தான்.

அங்குள்ள பெருமாள் கோவிலில், 11-ம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. கோவிலைச் சேர்ந்த பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் அந்த ஒரே கல்வெட்டு சொல்கிறது!

ஆஸ்பத்திரிக்குப் பெயர் "ஆதுலர் சாலை". ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 படுக்கைகள் இருந்தன. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவை வைத்தியருக்கு 30 கலம் நெல். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருந்தார்கள். நாவிதரும் இருந்தார்.

வித்தை அறிந்தவர் வைத்தியர். மருந்து அறிந்தவர் மருத்துவர். கற்பிப்பவர் டாக்டர். மூன்று பெயர்களும் ஒருவருக்கே பொருந்த வேண்டும்.

கேளுங்கள்!

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்புவோர் பலர். அது சரியல்ல.

என்ன நோய்? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எத்தனை நாள்? காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா?

கூச்சப்படாமல் கேளுங்கள். அரைகுறையாகப் புரிந்துகொண்டு விழுங்கும் மருந்து, உயிருக்கே உலை வைக்கலாம். புரியும்படி சொல்லிக் கொடுப்பது டாக்டரின் கடமை. அவர் பெயரே அதைத்தான் சொல்கிறது!