எழுதப்படாத சாஸ்திரம்

தென்னாட்டு உருக்கை மேனாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். 1795-ல் ஜார்ஜ் பியர்ஸன் அதனை ஆராய்ந்து லண்டன் ராயல் ஸொஸைட்டிக்கு அறிவித்தார். 1819-ல் மைக்கேல் பாரடே அதனைப் பகுத்து, அலுமினா என்னும் மண்பொருளே அதன் சிறப்புக்குக் காரணமெனக் கருதினார். அது பிழை. 100-க்கு 1 முதல் 2 பங்கு வரை கலந்த கரியே முதற்காரணம்.

சேலம் ஜில்லாக் கொல்லரோ, இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்கட்டையையும் பச்சிலையையும் மண் மூசையில் இட்டு மூடி, உலையில் காய்ச்சினர். கட்டையின் கரி இரும்பில் ஏறி உருக்காயிற்று. லண்டனில் தேடிய காரணம் அவர்கள் மூசைக்குள் இருந்தது, ஏட்டில் இல்லை.

பாரடே தம் பிழையையும் எழுதிவைத்தார், பின்வந்தோர் திருத்தினர். கொல்லர் எழுதவில்லை, அந்நிய உருக்கு மலிந்ததும் அவர்களுடன் வித்தையும் மறைந்தது. பழம்பெருமை பேசி நாம் திருப்தியடையலாகாது. எஞ்சியுள்ள கைத்தொழில் வித்தைகளையேனும் இன்றே எழுதிவைப்போமாக!